சாணமா, சடங்கா?

தாராவி, மாதுங்கா, செம்பூர் தமிழர்கள் சென்னைக்கு ரயில் ஏறினால் ராய்ச்சூர், குண்டக்கல் வழியாகப் போவார்கள். ஜன்னலுக்கு வெளியே வறண்ட நிலமும் பாறைக் குன்றுகளும்தான். ஆனால் இந்த வட்டாரத்தில்தான் தொல்லியலின் பழைய வழக்கு ஒன்று இன்னும் தீர்ப்பாகாமல் கிடக்கிறது.

வழக்கு, சாம்பல் மேடுகளைப் பற்றியது. வட கர்நாடகத்திலும் அதையொட்டிய தெலங்கானா, ஆந்திரப் பகுதிகளிலும் 100க்கு மேற்பட்டவை உண்டு. வயது சுமார் 3,000 முதல் 5,000 ஆண்டுகள். சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே கண்ணாடிபோல உருகி இறுகிய கட்டிகள். ஹம்பி அருகே நிம்பாபுரத்தில் இருப்பது வாலியின் சிதைச் சாம்பல் என்பது உள்ளூர் நம்பிக்கை. எரிமலைக் கழிவு, இரும்பு உருக்கிய கசடு என்றும் பலர் ஊகித்தார்கள்.

மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் என்றார் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தவர் இவர்தான். பின்னாளில் ரசாயனச் சோதனைகளும் அதையே உறுதி செய்தன.

சரி, ஏன் எரித்தார்கள்? 1957இல் உட்நூரில் அகழாய்வு செய்த ரேமண்ட் ஆல்சின், மரக்கம்ப வேலியிட்ட மாட்டுப்பட்டியையும் சாம்பலில் பதிந்த குளம்படிகளையும் கண்டார். பட்டி திரும்பத் திரும்ப எரிந்திருந்தது. தற்செயலான தீ அல்ல, பருவம் மாறும்போது நடந்த சடங்கு என்பது அவர் வாதம். ஹோலி, பொங்கல் போன்ற பண்டிகைகளை அவர் உதாரணம் காட்டினார். நமக்குப் போகி நெருப்பு நினைவுக்கு வரும்.

புணே டெக்கான் கல்லூரியின் கே.பத்தையா 1989 முதல் புதிஹாளில் தோண்டியபோது வேறு சித்திரம் கிடைத்தது. மேட்டை ஒட்டியே வீடுகள், மாடு அறுத்த தளம். இது வெறும் பட்டி அல்ல, மக்கள் வாழ்ந்த ஊர். சேர்ந்த சாணத்தைக் குவித்துக் கொளுத்தியிருக்கிறார்கள். முன்னோரின் நினைவாகத் திட்டமிட்டு உயர்த்திய சின்னங்களாகவும் இவை இருக்கலாம் என்கிறார்கள் பிற்கால ஆய்வாளர்கள் சிலர்.

விடை சாம்பல் அடுக்குகளுக்குள் இருக்கிறது. அந்த அடுக்குகளோ கரைந்துவருகின்றன. பல மேடுகளின் சாம்பலை வயலுக்கு எருவாக அள்ளிப்போய்விட்டார்கள். பெல்லாரி அருகே குப்கல் குன்றைக் கருங்கல் குவாரிகள் குடைந்தன. கோயிலோ கோட்டையோ என்றால் கூச்சல் எழும். சாணிச் சாம்பலுக்காக யார் குரல் கொடுப்பார்கள்?

ஆனால் அந்தக் காலத்து மனிதர்கள் கல்வெட்டு எழுதவில்லை. அவர்கள் விட்டுப்போன சாட்சி இந்தச் சாம்பல்தான். அதையும் அள்ளிவிட்டால் வழக்கை யாரை வைத்து விசாரிப்பது?