பாதுஷாபாத், நுஸ்ரத்கட், செஞ்சி

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பஸ், செஞ்சி ஊரைத் தாண்டிய சிறிது நேரத்திற்கெல்லாம், சாலையே பழைய மதிலைப் பிளந்துகொண்டு செல்வதால், தென்னாட்டின் மிக வலிய அரண்களில் ஒன்றனுள் புகுந்து மறுபுறம் வெளியேறியும் விடுகிறது. ஔரங்கசீப்பின் சேனாபதி சுல்பிகர்கானுக்கு எட்டு வருஷம் பிடித்த காரியத்தை, ஜன்னலோரம் தூங்கி வழியும் பிரயாணி சில நிமிஷங்களில் முடித்துவிடுகிறார்.

யாரோ ராட்சசக் குழந்தை குவித்துவிட்டுப் போனதுபோல் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேலொன்றாகக் கிடக்கும் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் முக்கோணமாக இணைத்து, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது அந்த மதில். எண்ணூறு அடி உயர்ந்த இராஜகிரியின் உச்சியை அணுகுகிறவனைக் கடைசியில் ஓர் ஆழ்ந்த பிளவு வழிமறிக்கிறது. அக்காலத்தில் அதன்மேல் போட்டிருந்த மரப்பாலத்தை அகற்றிவிட்டால், மேலே இருக்கிற சில பேர் கீழே நிற்கிற பெருஞ்சேனையைப் பார்த்துச் சிரிக்கலாம். மலைமேல் தண்ணீரும் உண்டு. அரணும் நீரும் ஓரிடத்தில் அமைந்துவிட்டால் ராஜ்யங்கள் தாமே தேடி வருமல்லவா?

முதலில் கோட்டை கட்டியவர் 12-ஆம் நூற்றாண்டின் முடிவில் வாழ்ந்த ஆனந்தக் கோன் என்னும் இடையர் தலைவர் என்பது வழிவழி வரும் செய்தி. விஜயநகர சாம்ராஜ்யத்தின் பிரதிநிதிகளாக வந்து பின்னர் தாமே அரசர்களாகிவிட்ட நாயக்கர்கள் காலத்தில்தான் செஞ்சி மாநகரமாயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த ஏசுசபைப் பாதிரியார் பிமெண்டா, லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகலின் எந்த நகரையும்விட இது பெரிது என்று எழுதிவைத்தார். அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பிய கூரையோடு முடியும் கல்யாண மகாலும், அதன் மேல்மாடம் வரை தண்ணீர் ஏறியதாகச் சொல்லப்படும் சுடுமண் குழாய்களும், வளைந்த கூரையையுடைய நெற்களஞ்சியங்களும், யானைக்குளமும் பார்க்கத் தக்கவை. களஞ்சியங்கள் இன்று வெறுமையாய் வௌவால்களுக்கு இடமளிக்கின்றன. ஊருக்குள் இருக்கும் விற்பனைக் கூடத்திலோ அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளுக்கு இடம் போதுவதில்லை!

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தானின் சேனை நாயக்கரை வென்று இதற்குப் பாதுஷாபாத் என்று பெயரிட்டது. 1677-இல் சிவாஜி கைப்பற்றி மதில்களை வலுப்படுத்தினார். அந்த முன்யோசனை அவருடைய மகனுக்கே உதவிற்று. மொகலாயரிடமிருந்து தப்பி மாறுவேஷத்தில் தெற்கே வந்த இராஜாராம், 1689 முதல் இந்தக் குன்றிலிருந்தபடியே மராட்டிய ராஜ்யத்தை ஆண்டார். அடுத்த ஆண்டு தொடங்கிய முற்றுகை 1698-இல் முடிந்தபோது கோட்டை விழுந்தது, ஆனால் இராஜாராம் முன்னரே நழுவிவிட்டார். வென்றவர்கள் நுஸ்ரத்கட் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். பெருமைக்குரிய விஷயமே, எனினும் இருபத்தோர் ஆண்டுகளே வைத்திருந்தவர்கள் பெயரால் நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட நாயக்கரின் கோட்டை உலகுக்கு அறிமுகமாவதில் சிறிது வேடிக்கையும் இருக்கிறது.

ஜனங்கள் நினைவில் வைத்திருப்பதோ, மேற்கண்டவர்களில் ஒருவரையுமன்று. மொகலாயர் நியமித்த புந்தேல ராஜபுத்திரர் சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங், அதாவது நம் தேசிங்குராஜன், தந்தை இறந்தபின் 1714-இல் ஆளத் தொடங்கி, ஒரு வருஷம்கூட நிறைவதற்குள், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, சில நூறு குதிரை வீரர்களோடு வெள்ளம் புரண்ட சங்கராபரணி ஆற்றைக் கடந்து, பெரும்படையை எதிர்த்து மாண்டான், வயது இருபத்திரண்டு. உடன் மாண்டவன் அவனுடைய உயிர்த்தோழன் முகபத்கான். கதைப்பாட்டில் இவன் மோவுத்துக்காரன் ஆகி, மணப்பந்தலிலிருந்தே போருக்கு எழுந்து வருகிறான். தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறியதறிந்து நவாபே மனம் இளகி, அவள் நினைவாக இராணிப்பேட்டையை அமைத்தார் என்பர். இராஜகிரி அடிவாரத்தில் அவர் பெயரால் நிற்கும் பள்ளிவாசல் 1717-ஐ ஒட்டி எழுந்தது. போர்த்தந்திரம் என்று பார்த்தால் தேசிங்கு செய்தது வெறும் பிடிவாதம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் புந்தேல்கண்டத்துப் பிள்ளையொருவனையும் முஸ்லிம் நண்பனையும் ஒரு நீலக் குதிரையையும் தன் சொந்தப் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டு தெருக்கூத்திலும் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் வளர்த்த தமிழ்க் கிராமத்தானிடம் தந்திரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அப்புறம் நடந்தவை சுருக்கமானவை. 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார். 1761-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1780-இல் ஹைதர் அலியின் படைகள் வந்துபோயின. பீரங்கிக் காலத்தில் மலைக்கோட்டைகளுக்கு மதிப்புக் குறைந்துவிடவே, செஞ்சி மெல்லத் தூங்கலாயிற்று.

கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதி செஞ்சியைத்தான் பார்க்கிறார்கள். அருகே சிங்கவரத்தில் பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பாறையோடு பாறையாகப் பள்ளிகொண்டிருக்கிறார். திருநாதர்குன்றிலோ ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் வரிசையாக அமர்ந்திருக்க, ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய பழந்தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடக்கிறது. ஆனந்தக் கோனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய அந்தக் குன்றுக்கு மதிலும் இல்லை, முற்றுகையும் இல்லை; நான் போன அன்று ஆடு மேய்க்கும் பையன் ஒருவன்தான் இருந்தான்.

செஞ்சியின் ஒரு பகுதி செஞ்சியிலேயே இல்லை. கீழ்க்கோட்டையில் முத்தியாலு நாயக்கர் கட்டிய வெங்கடரமணர் கோயிலின் சிற்பத் தூண்கள் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர் பெயர்த்துக்கொண்டு போனார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயர்ந்து நிற்கும் கற்றூண்கள் செஞ்சியிலிருந்து போனவையே. அடுத்த முறை அங்கே காற்று வாங்கப் போகும்போது சற்று நின்று பாருங்கள்.