45 கவிதை, 578 நாள்

மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறை, தேர்தல் வந்தால் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கும் ஊர். அவ்வூர் இளைஞர் அஹ்னாப் ஜஸீம் 2017இல் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். கவிதைகள் 45. வன்முறையையும் ஐ.எஸ். அமைப்பையும் கண்டிக்கும் கவிதைகளும் அவற்றில் உண்டு.

2020 மே 16ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் கைதானார். நூல் தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்பது குற்றச்சாட்டு. பிணை கிடைத்தது 2021 டிசம்பர் 15இல். இடையில் 578 நாள். 45 கவிதைக்குப் பங்கிட்டால் ஒரு கவிதைக்குக் கிட்டத்தட்ட 13 நாள் சிறை. தடுப்புக்காவலில் எலி கடித்தது என்றும், கைவிலங்கோடு வைக்கப்பட்டார் என்றும் அவர் தரப்பில் முறையிட்டார்கள். அதை எந்த நிரலில் எழுதுவது?

2023 டிசம்பர் 12இல் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கைதான நாளிலிருந்து 1,305 நாள். நிரூபிக்கப்பட்ட குற்றம் 0.

சிங்களத்தில் எழுதியவருக்கும் இதே கதிதான். ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதான சக்திக சத்குமார நான்கு மாதம் உள்ளே இருந்தார். 2021இல்தான் வழக்கிலிருந்து விடுபட்டார்.

ஒரு நூலுக்குத் தடை என்றால் வர்த்தமானியில் வரும் ஓர் அறிவித்தல் என்றுதான் நினைக்கிறோம். அது இல்லாமலும் ஒரு நூலை வாசிப்பிலிருந்து எடுத்துவிடலாம். வைத்திருப்பவர் பயந்தால் போதும். வன்னிச் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்தப் புத்தகத்தை வைத்திருப்பது, எதை அடுப்பில் போடுவது என்று வீட்டுக்குள் இருந்து தெரிந்தெடுத்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களுக்காவது ஒரு தொகை இருக்கிறது. பயத்தில் எரித்ததற்கும், எழுதாமல் விட்ட கவிதைக்கும் கணக்கே கிடையாது. எனக்கு இதுதான் பெரிய நட்டமாகப் படுகிறது.

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுக்கும் வெளியீட்டுக்கும் சுதந்திரம் தருகிறது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, வழக்கே போடாமல் 18 மாதம் ஒருவரை அடைத்துவைக்க இடம் கொடுத்தது. 2022இல் அதைத் திருத்தி 12 மாதம் ஆக்கினார்கள். அந்தக் கணக்கிலும் ஒரு கவிதைக்கு 8 நாள் வருகிறது.