பிரசவம் முடிஞ்சும் வயிறு குறையலையா? டயட் தொடங்கும் முன் அம்மாக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

"குழந்தை பிறந்து மூணு மாசம் ஆச்சு, இன்னும் வயிறு உள்ளே போகலையே... துணி கட்டலையா?" குழந்தையைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. இதைக் கேட்டுக் கேட்டே இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடும் அம்மாக்களும் இருக்கிறார்கள். பட்டினி கிடந்தால் வயிறு குறைந்துவிடுமா? பார்க்கலாம்.

வயிறு ஏன் உடனே குறைவதில்லை?

பிரசவம் முடிந்ததும் கருப்பையின் எடை சுமார் ஒரு கிலோ இருக்கும். அது சுருங்கிப் பழைய அளவுக்கு வர 6 வாரங்கள் வரை ஆகும். அதுவரை வயிறு பெரிதாகத் தெரிவது இயல்புதான்.

அதற்குப் பிறகும் நடுவயிறு மட்டும் துருத்திக்கொண்டு இருக்கிறதா? கர்ப்ப காலத்தில் குழந்தை வளர வளர, வயிற்றின் முன்பக்கத் தசைகள் இரண்டும் இடம் வலமாக விலகும். இதற்கு 'டயஸ்டாசிஸ் ரெக்டை' என்று பெயர். பலருக்குச் சில மாதங்களில் இந்த இடைவெளி தானாகக் குறையும். சிலருக்கு நீடிக்கும். இது கொழுப்பு அல்ல. சாப்பாட்டைக் குறைப்பதால் இது சரியாகாது.

துணி கட்டினால் குறையுமா?

பழைய புடவையோ, பெல்ட்டோ கட்டினால் முதுகுக்கும் வயிற்றுக்கும் பிடிமானம் கிடைக்கும், நடக்க வசதியாக இருக்கும். ஆனால் அது கொழுப்பைக் கரைக்காது. மூச்சு முட்ட இறுக்கிக் கட்டவும் கூடாது. சிசேரியன் ஆனவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கட்டுவது நல்லது.

சாப்பாட்டைக் குறைக்கலாமா?

தாய்ப்பால் கொடுக்கும் முதல் 6 மாதங்களில், வழக்கத்தைவிட தினமும் 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். அதாவது கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு அதிகம். இந்த நேரத்தில் பட்டினி கிடந்தால் சோர்வும் ரத்தசோகையும்தான் மிஞ்சும். முட்டை, மீன், பருப்பு, கீரை எல்லாம் தட்டில் இருக்கட்டும். அரசு மருத்துவமனையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 6 மாதங்கள் தொடர வேண்டும்.

"தண்ணி குடிச்சா வயிறு வச்சிடும்" என்பதும் உண்மையில்லை. தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல்தான் வரும். பத்தியத்தில் பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு போன்ற நல்ல விஷயங்களும் இருக்கின்றன. அதையெல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்.

உடற்பயிற்சி எப்போது?

சுகப்பிரசவம் என்றால், உடம்பு ஒத்துழைக்கும்போது சில நாட்களிலேயே மெதுவாக நடக்கத் தொடங்கலாம். கடினமான பயிற்சிகளை 6 வார பரிசோதனைக்குப் பிறகு, டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தசை விலகல் இருப்பவர்கள் யூடியூப் பார்த்து சிட்-அப்ஸ் செய்ய வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிகளே சரி.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

தொப்புள் அல்லது தையல் போட்ட இடத்தில் புடைப்பு, இருமும்போது சிறுநீர் கசிவது, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால் தாமதிக்க வேண்டாம். "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

பிரசவமான பெண்கள் வாரத்துக்கு 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்யலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஐந்து நாட்கள், தலா அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? கணவரோ, மாமியாரோ, அம்மாவோ அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாலே போதும். அடுத்த முறை குழந்தையைப் பார்க்கப் போனால், "வயிறு குறையலையா?" என்பதற்குப் பதில் "நேரத்துக்குச் சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள்.