ஏரிக்கரை ஊர்களுக்குச் சொந்தமாக ஒரு தகவல் தொடர்பு வலை

புயல் எச்சரிக்கை வரும் நாட்களில்தான் மீனவக் குடும்பங்களுக்குச் செல்பேசி மிக அவசியம். மின்சாரம் நின்றுபோவதும் அதே நாட்களில்தான். கோபுரத்தின் பேட்டரி தீர்ந்ததும் சிக்னலும் போய்விடுகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையிலும் சுற்றுப்பகுதிகளிலும் இதைப் பார்த்தோம்.

காட்டூர் போன்ற பழவேற்காடு ஏரிப்பகுதி ஊர்கள், நிறுவனங்களின் கோபுரங்களை மட்டும் நம்பியிராமல், தங்களுக்குச் சொந்தமாக ஒரு கம்பியில்லா வலையை அமைத்துக்கொள்ள முடியுமா? முடியும். அது எப்படி என்று பார்ப்போம்.

எப்படி இயங்குகிறது?

நம் வீட்டு வைஃபை பெட்டியில் இருக்கும் அதே தொழில்நுட்பம்தான் இதற்கும் அடிப்படை. ஒரு மாடியில் பொருத்தும் வெளிப்புறக் கருவி அடுத்த ஊரின் கருவியோடு பேசும். அது அதற்கடுத்த ஊருக்குச் செய்தியைக் கடத்தும். ஒரு கருவி பழுதானால், வேறு வழி இருக்கும் வரை செய்தி அந்த வழியே போய்ச் சேரும். எல்லாவற்றுக்கும் ஒரே மையம் என்பது இல்லை. வெளி இணையம் அறுந்தாலும் ஊர்களுக்கு இடையே பேசலாம், செய்தி அனுப்பலாம். அதற்கான மென்பொருளை ஊரில் உள்ள ஒரு சிறு கணினியிலேயே வைத்திருக்க வேண்டும். கருவிகளுக்குச் சூரிய மின்சாரமும் பேட்டரியும் வேண்டும்.

இந்த அலைகளுக்கு நேர்ப்பார்வை தேவை. ஏரியின் குறுக்கே மரமோ கட்டடமோ இல்லாதது நல்ல வாய்ப்பு. ஆனால் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை சிக்னலைக் கெடுக்கும் என்பதால், உயரமும் கோணமும் பார்த்துப் பொருத்த வேண்டும். உப்புக்காற்று இரும்பை அரிப்பதால் பராமரிப்பும் அடிக்கடி தேவைப்படும். பள்ளிவாசல் மினாரா, தேவாலயக் கோபுரம், பள்ளிக்கூட மாடி போன்ற உயரமான இடங்கள் இதற்குப் பொருத்தமானவை.

செய்து காட்டியவர்கள்

ஸ்பெயினின் கட்டலோனியா மாகாணத்தில், தொலைபேசி நிறுவனங்கள் இணையம் தர முன்வராத கிராமப்புறத்தில் 2004-இல் 'குய்ஃபி நெட்' தொடங்கியது. ஒவ்வொருவரும் தம் கருவியைத் தாமே வாங்கிப் பொருத்தினர். இன்று அது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்பு முனைகளைக் கொண்ட வலை.

நம் மாநிலத்தில், தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களை நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. நோயாளி தம் ஊரிலிருந்தே வீடியோவில் மருத்துவரிடம் பேசினார். அது மருத்துவமனையின் வலை, மக்களுடையது அல்ல. ஆனாலும் இத்தொழில்நுட்பம் நம் வெயிலிலும் மழையிலும் வேலை செய்யும் என்பதற்கு அது சான்று.

2004 சுனாமியன்று புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவ ஊருக்கு, சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியால் அமைந்த கிராம அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அதில் அறிவித்ததும் மக்கள் ஓடித் தப்பினர். யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் உடனே பயன்படுத்த ஒரு கருவி ஊரின் கையில் இருந்ததே உயிர்களைக் காத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005 முதலும், 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியை 2018 முதல் விரிவாகவும், வரையறுத்த சக்திக்குள் அலைவரிசை உரிமம் இன்றிப் பயன்படுத்த இந்திய அரசு அனுமதித்துள்ளது. கருவி அரசு ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். இணையச் சேவையை விற்பது வேறு விஷயம். அதற்கு உரிமம் தேவை. எனினும் 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற 'பிஎம் வாணி' திட்டத்தின்கீழ், ஒரு பெட்டிக்கடைக்காரர்கூட உரிமமோ கட்டணமோ இல்லாமல் பொது வைஃபை நிலையம் நடத்தலாம்.

பாடு முறை தரும் பாடம்

கருவி வாங்குவதைவிட, யார் பொறுப்பு என்பதை முடிவு செய்வதே கடினம். இதில் பழவேற்காடு மீனவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஏரியில் யார், எப்போது, எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' முறை அவர்களுடையது. பொதுச்சொத்தை விதிமுறையோடு ஆள அவர்களுக்குத் தெரியும். அதே முறையில் உரிமை பெறாதவர்கள் வெளியே நிற்க நேர்ந்து, அதனால் பூசல்களும் எழுந்துள்ளன. ஆகவே புதிய வலையில் சாதி, மதம், குப்பம் பாராமல் எவரும் சேரலாம் என்பதே முதல் விதியாக வேண்டும். குய்ஃபி நெட்டின் உடன்படிக்கையும் யாரும் சேரலாம், யாரும் விரிவாக்கலாம் என்றே சொல்கிறது.

ஜமாஅத்தின் பைத்துல்மால் கணக்கைப் பலர் முன்னிலையில் சரிபார்க்கும் பழக்கம் நமக்கும் உண்டு. மாதச் சந்தா, வரவு செலவு, பேட்டரி மாற்றும் நாள் ஆகியவற்றையும் அப்படியே எல்லாரும் பார்க்க எழுதி வைக்கலாம்.

முதலில் இரண்டு ஊர்களை மட்டும் இணைத்து, ஒரு மழைக்காலம் முழுவதும் சோதித்துப் பார்ப்பது நல்லது. அதற்கும் முன்பாக, புயல் ஓய்ந்ததும் கம்பத்தில் ஏறிக் கருவியைச் சரிசெய்யப்போவது யார், அவருக்குக் கூலி யார் தருவது என்பதை ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட வேண்டும்.