கேசிங்குக்கு ஒரு பங்குனிப் பூச்சு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கொம்பியூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது செம்மண். காற்றாடியின் இதழ்களில், மின்வழங்கியின் துளைகளில், மூலை முடுக்கெல்லாம் மென்சிவப்பாய் ஒரு படை. கோண்டாவில், உரும்பிராய் வரை விரியும் தோட்ட நிலத்தின் நிறம் அது. பலாலி வீதியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றி அறை எடுத்துப் படிக்கும் மாணவர்களின் மேசைகளுக்கும் அது தப்பாமல் வந்து சேர்ந்துவிடும். துடைப்பதற்கென்று திருகாணிகளைக் கழற்றியவர், கேசிங்குக்கு நிறம் மாற்றும் வேலையில் கால்வாசியை அப்போதே முடித்துவிட்டார்.

நிறம் மாற்ற வேண்டும் என்ற ஆசைக்குக் காரணம் உண்டு. 1977இல் வந்த அப்பிள் 2, 1981இல் வந்த ஐபிஎம் பீசி இரண்டும் மங்கல் வெள்ளை. அலுவலக மேசையில் உறுத்தாமல் இருந்தால் போதும் என்பதே அந்தக் காலத்து எண்ணம். 1998இல் அப்பிள் நிறுவனம் நீலப்பச்சை நிறத்தில், உள்ளே தெரியும்படி ஐமாக்கை இறக்கியபோதுதான், கொம்பியூட்டரும் பார்க்க அழகாய் இருக்கலாம் என்று பலருக்குப் பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் மேற்கு நாட்டுப் பெடியள் தங்கள் கேசிங்கின் பக்கத்தை வெட்டி, கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகை பொருத்தத் தொடங்கியிருந்தார்கள்.

இங்கே கதை வேறு. 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. கண்ணாடிப் பக்கமும் மின்னும் காற்றாடிகளும் கொண்ட புதுக் கேசிங் பலருக்கும் எட்டாக் கனியாயிற்று. அலுவலகங்கள் கழித்துவிட்ட கறுப்புப் பெட்டிகளோ கைக்கு எட்டின. உள்ளே நல்ல இயந்திரம், வெளியே கீறல். பெயின்ற் அடிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை. புதுக் கேசிங்கில் கைவைக்க யாருக்கும் மனம் வராது. பழையதைக் கெடுத்தாலும் கவலையில்லை.

முதல் வேலை எல்லாவற்றையும் வெளியே எடுப்பது. தாய்ப்பலகை, மின்வழங்கி, வயர்கள், முன்பக்க சுவிட்ச் வரை. பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவி உலர்த்த வேண்டும். விரல் ரேகையின் எண்ணெய் இருந்தாலே பெயின்ற் ஒட்டாது. கேசிங்கின் உடல் பெரும்பாலும் நாகம் பூசிய இரும்புத் தகடு. அதில் வெறும் பெயின்ற் நிலைக்காமல் உரிந்து வரும். 400ஆம் இலக்க அரத்தாளால் மினுக்கம் போகத் தேய்த்து, உலோகத்துக்குரிய பிரைமர் அடித்த பின்னரே நிறம். முன்முகம் பிளாஸ்ரிக் என்றால் அதற்குத் தனிப் பிரைமர். முன்முகத்தைத் தின்னரால் துடைக்கப் போனால் பிளாஸ்ரிக்கே கரைந்து பிசுபிசுக்கும். மோட்டார் சைக்கிள் பெற்றோல் தாங்கிக்கு ஸ்பிறே அடிப்பவரிடம் கேசிங்கைக் கொடுப்பவர்களும் முன்முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

ஸ்பிறே ரின்னை 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து மெல்லிய படைகளாய் அடிக்க வேண்டும். அவசரப்பட்டுத் தடிப்பாய் அடித்தால் வழிந்து கோடு விழும்.

இதில் பஞ்சாங்கத்துக்கும் பங்குண்டு. ஆனி, ஆடியில் சோளகம் வீசும்போது செம்புழுதி ஈரப் பெயின்றில் வந்து அப்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் படிந்து மேற்பூச்சு வெளிறிப் பால்போலப் பூத்துவிடும். தையிலும் மாசியிலும் காலைப் பனி விலகும் வரை பொறுக்க வேண்டும். பங்குனிதான் தோது: வெயில் உண்டு, காற்று அடங்கியிருக்கும். வேலை திறந்தவெளி நிழலில், முகமூடியோடு.

பலர் மறப்பது ஒன்று: தாய்ப்பலகை இருக்கும் திருகாணித் தூண்களும் மின்வழங்கி தொடும் இடமும் வெறும் உலோகமாகவே இருக்க வேண்டும். பெயின்ற் மின்சாரத்தைக் கடத்தாது. நிலத் தொடுப்பு அந்தத் தொடுகைகளின் வழியாகவே போகிறது. மாஸ்கிங் ரேப் அங்கேதான் முதலில் ஒட்ட வேண்டும்.

கேசிங்குக்குள் லைற் பூட்டும் விஷயம் இதைவிட இலகு, ஆனால் சுவாரசியம் அதிகம். ஆரம்பத்தில் கேசிங்குக்குள் பொருத்தியவை மெல்லிய கண்ணாடிக் குழல் விளக்குகள். அவற்றை எரிக்க நூற்றுக்கணக்கான வோல்ற்றளவு தேவை. 1990களில் ஜப்பானியர் பிரகாசமான நீல எல்ஈடியைச் சாத்தியமாக்கிய பிறகு (அதற்கு 2014இல் நோபல் பரிசு) சிவப்பும் பச்சையும் நீலமும் ஒரே விளக்கு மணிக்குள் வந்தன. ஆனால் நிறம் ஓடுவது எப்படி? கொழும்பின் வெசாக் தோரணங்களில் அதைச் செய்தது ஒரு சுழலும் உருளை. மேலே செப்புத் தகடுகள் பதித்திருக்கும். உருளை சுற்றச் சுற்ற ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு வயரைத் தொட்டு, குமிழ்கள் வரிசையாய் எரியும். இன்றைய எல்ஈடி நாடாவில் அந்த உருளைக்குப் பதில் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு சில்லு. தரவு வயரில் வரும் நிரலில் முதல் 24 பிற்றுகளைத் தனக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளும். இப்படி ஒரு மணி காட்டக்கூடிய நிறங்கள் 1 கோடியே 67 இலட்சம். அத்தனையும் கிடைத்த பிறகும் பெரும்பாலானோர் ஊதாவிலேயே நின்றுவிடுகிறார்கள்.

சொருகும்போது கவனம் தேவை. பழைய வகை நாடா 12 வோல்ற், நான்கு ஊசி. தனித்தனி மணியை இயக்கும் வகை 5 வோல்ற், மூன்று ஊசி. பின்னதை 12 வோல்ற்றில் மாட்டினால் ஒரே நொடியில் கருகும். மீற்றருக்கு 60 மணி உள்ள நாடா ஒரு மீற்றரிலேயே முழு வெள்ளையில் 3.6 அம்பியர் வரை இழுக்கும். தாய்ப்பலகையின் இணைப்போ வழக்கமாக 3 அம்பியரைத்தான் தாங்கும். நீள நாடாவுக்கு மின்வழங்கியிலிருந்து நேரே வயர் எடுப்பதே பாதுகாப்பு. வேலை முடிந்ததும் காற்று நுழையும் பக்கத்தில் வலை வடிகட்டி ஒன்று. இல்லாவிட்டால் செம்மண் திரும்பவும் குடியேறும்.

1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு, பகல் வெளிச்சத்தில் பெட்டிக்குள் எரியும் லைற் வீண் செலவாய்த்தான் படும். கணக்கைப் பார்த்தால், 10 வாற் விளக்கு தினமும் 6 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 1.8 அலகு. கேம் விளையாடும்போது 200 வாற் இழுக்கும் கிராபிக்ஸ் கார்ட் அதே நேரத்தில் 36 அலகு தின்னும். மின்பட்டியல் வந்ததும் ஏச்சு வாங்குவது என்னவோ லைற்தான்.