பிராங்க் விழுந்த காலம், ரூபாய் விழுந்த காலம்

அந்நியச் செலாவணி விலை மற்ற ஊர்களில் ஏற்றுமதிக்காரர்களின் கவலை. புதுச்சேரியில் அது பென்ஷன் வீட்டுச் சங்கதி. பிரெஞ்சு ராணுவத்திலும் நிர்வாகத்திலும் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், 'சொல்தா' வீடுகள் என்று ஊரில் அறியப்படுபவை, மாதம் பிறந்தால் யூரோ என்ன விலை என்று விசாரிக்கும். 2025-ல் யூரோ 100 ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்துவிட்டு, பிரெஞ்சுப் பணம் என்றைக்குமே உசத்தி என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஆண்ட கடைசி நாற்பது ஆண்டுகளில் பிராங்க்தான் ரூபாயிடம் தோற்றுக்கொண்டே வந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். பிரெஞ்சு ஆட்சியிலும் புதுச்சேரிக் கடைத்தெருவில் புழங்கியது ரூபாய்தான். 1736-ல், துமா கவர்னராக இருந்தபோது, ரூபாய் அச்சடிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக் கம்பெனி பெற்றது. சில்லறைக்குப் பணமும் காசும் இருந்தன: 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். 1923-ல் இங்கத்திய பிரெஞ்சு அஞ்சல் தலைகளில் சாந்தீம் விலையை அடித்துவிட்டு, மேலே காசு, பணம், ரூபாய் என்று அச்சிட்டு விற்றார்கள். 1875-ல் தொடங்கிய இந்தோசீனா வங்கி இங்கே வெளியிட்ட நோட்டுகளும் ரூபாய் நோட்டுகளே. அதன் ஐம்பது ரூபாய் நோட்டில் துய்ப்ளேக்ஸ் படம் இருந்தது. பாரிஸோடு கணக்குப் பார்க்கும்போதுதான் பிராங்க் வரும், மாற்று விலையும் வரும்.

அந்த விலை தொடக்கத்தில் வெறும் எடைக் கணக்கு. ஒரு ரூபாய் ஒரு தோலா எடை. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது 10.69 கிராம். பிரான்சின் ஐந்து பிராங்க் வெள்ளிக்காசில் 22.5 கிராம் வெள்ளி, ஒரு பிராங்குக்கு 4.5 கிராம். வகுத்தால் ஒரு ரூபாய்க்குச் சுமார் 2.38 பிராங்க். தராசு இருந்தால் போதும், வங்கி தேவையில்லை.

1870-களில் இது குலைந்தது. பிரான்ஸ் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்தின் பக்கம் போனது. இந்தியா வெள்ளியிலேயே நின்றது. வெள்ளி விலை சரிய ரூபாயும் சரிந்தது. 1893-ல் பிரிட்டிஷ் அரசு வெள்ளியைக் கொடுத்து நாணயம் அடித்துக்கொள்ளும் வழியை மூடியது. பிறகு 15 ரூபாய்க்கு ஒரு பவுன் என்று நிலைநிறுத்தியது. பவுனுக்கு 25.22 பிராங்க். எனவே முதல் உலகப் போருக்கு முன் ஒரு ரூபாய்க்கு 1.68 பிராங்க். பிராங்குக்கு இதுதான் நல்ல காலம்.

போர் அந்தக் காலத்தை முடித்தது. 1928-ல் புவான்காரே அரசு பிராங்கை அதன் பழைய பொன் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்காக நிர்ணயித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ரூபாய் 18 பென்ஸ் என்று உறுதியாகியிருந்தது. விளைவு, ஒரு ரூபாய்க்கு 9.30 பிராங்குக்குச் சற்று மேல். 1945 டிசம்பரில் 36 பிராங்க். 1949 செப்டம்பரில் பவுனும் ரூபாயும் சேர்ந்தே மதிப்பிறங்கியும்கூட, பிராங்கும் இறங்கியதால், 73.50 பிராங்க். ரூபாய் பவுனோடு கட்டுண்டு கிடந்ததால் வந்த திடம் இது. நம் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. இந்தோசீனா வங்கியின் ரூபாய் நோட்டுகள் போய் இந்திய ரூபாய் வந்தது. ஒன்றுக்கு ஒன்று என்பதால் தலைவலி இல்லை.

இதற்குப் பிறகுதான் காற்று திசை மாறுகிறது. 1960 ஜனவரி 1-ல் பிரான்ஸ் நூறு பழைய பிராங்கை ஒரு புதிய பிராங்க் ஆக்கியது. அப்போது ஒரு புதிய பிராங்க் 96 பைசா. ஆயிரம் பிராங்க் பென்ஷன் வாங்கியவர் கையில் 964 ரூபாய். 1966 ஜூன் 6-ல் இந்தியா ரூபாய் மதிப்பைக் குறைத்தது. அதே ஆயிரம் பிராங்க் ஒரே நாளில் 1,519 ரூபாய் ஆனது. 1991-ல் இன்னொரு மதிப்புக் குறைப்பு. 1999-ல் 6.55957 பிராங்குக்கு ஒரு யூரோ என்று முடிவானபோது ஆயிரம் பிராங்க் 152.45 யூரோ. யூரோ 100 ரூபாய் என்றால் 15,245 ரூபாய்.

பதினாறு மடங்கு! ஆனால் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை 1960-லிருந்து தொடர்ந்து கோத்துப் பார்த்தால், இந்தியாவில் விலைவாசி 90 மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. மாற்று விலையை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பென்ஷன் வீடு நொடித்துப் போயிருக்கும். காப்பாற்றியது, பிரான்ஸ் தன் குடிமக்களின் பென்ஷனை அவ்வப்போது உயர்த்தியதுதான். 1959 டிசம்பர் சட்டம் ஒன்று முன்னாள் குடியேற்ற நாட்டவர்களின் பென்ஷனை அப்படியே உறையவைத்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களை அது தொடவில்லை. அந்த வேற்றுமை அரசியல் சட்டத்துக்குப் புறம்பானது என்று பிரான்சின் அரசியல் சட்ட மன்றம் தீர்ப்பளிக்க 2010 மே 28 வரை ஆனது. புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தபின் சுமார் 5,000 பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் வீட்டு வருமானத்தை முடிவு செய்ததில் செலாவணிப் பலகையைவிட அந்தக் கையெழுத்துக்கே பங்கு அதிகம் என்பேன்.

பழைய ரசீதோ பென்ஷன் புத்தகமோ வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள். 1960-க்கு முந்தையது என்றால் கடைசி இரண்டு பூஜ்யங்களை அடித்துவிட்டுத்தான் யூரோவுக்கு மாற்ற வேண்டும். பெட்டியில் பிராங்க் நோட்டே கிடைத்தால் வங்கிக்கு அலைய வேண்டாம். பிரான்ஸ் வங்கி அவற்றை மாற்றித் தந்த கெடு 2012 பிப்ரவரி 17-ஓடு முடிந்துவிட்டது.