சொட்டாத பம்பு ஆபத்து!

வீட்டில் குழாய் சொட்டினால் அம்மா சத்தம் போடுவாள். "இறுக்கி மூடக்கூடாதா? தண்ணீர் வீணாகிறதே!" என்பாள். ஆனால், தொழிற்சாலையில் பல பம்புகள் சொட்டத்தான் வேண்டும். சொட்டுவது நின்றுவிட்டால் பிட்டருக்கு வயிற்றைக் கலக்கும்!

இது என்ன வேடிக்கை?

கழிமுகத்தில் ஒரு மின் நிலையம்

சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டியிருக்கிறது காத்திவாக்கம். 1970-ல் இங்கே அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 5 யந்திரங்கள், மொத்தம் 450 மெகாவாட். 47 ஆண்டுகள் உழைத்துவிட்டு, 2017 மார்ச்சில் அது மூடப்பட்டது.

அனல் மின் நிலையம் என்றால் நிலக்கரிதான் நம் நினைவுக்கு வரும். நிலக்கரி மட்டும் போதுமா? போதாது. தண்ணீரும் வேண்டும். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியை மறுபடியும் தண்ணீராக்க வேண்டும். அதற்குக் குளிர்ந்த நீர் ஓயாமல் ஓட வேண்டும். எண்ணூரில் உப்பு நீரே இதற்குப் பயன்பட்டது. கழிமுகத்துக்கு வடக்கே, 1994-ல் தொடங்கிய வடசென்னை அனல் மின் நிலையத்துக்கும் கடல் நீர்தான்.

அந்த நீரை இழுத்துத் தள்ளுவது பம்பு. பம்பு நின்றால் நீராவி குளிராது. சக்கரத்தை நிறுத்த வேண்டியதுதான். அப்புறம் நம் வீட்டு விளக்கு?

கடல் நீர் சாதுவானது அல்ல. உப்பு இரும்பைத் தின்னும். மணல் தேய்க்கும். குழாய்க்குள் சிப்பிகள் குடியேறி, குடும்பம் பெருக்கும்! சொறிமீன் கூட்டம் வந்து வடிகட்டியை அடைத்துக்கொள்வதும் உண்டு. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் இந்தத் தொல்லைகள் உண்டு.

கயிற்றின் ரகசியம்

பம்புக்குள் சுழலும் தண்டு வெளியே மோட்டாரோடு சேர்ந்திருக்கிறது. தண்டு நுழையும் துளை வழியாகத் தண்ணீர் பீறிடாமல் இருக்க, சுற்றிலும் மசகு ஊறிய கயிற்றைத் திணித்து இறுக்குகிறார்கள். இதற்குக் கிளாண்டு கயிறு என்று பெயர்.

தண்டோ நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழல்கிறது. சின்ன பம்பானால் ஆயிரத்தையும் தாண்டும். கயிற்றில் உரசினால் சூடு பிறக்காதா? சொட்டுச் சொட்டாகக் கசியும் தண்ணீர்தான் அந்தச் சூட்டைத் தணிக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த பையன், "ஒழுகுகிறதே" என்று நட்டை ஒரேயடியாக இறுக்கிவிட்டால் போச்சு! கயிறு கருகும். தண்டில் பள்ளம் விழும். அதற்காக ஓடையாக ஒழுகவும் விடக்கூடாது. அப்போது இரண்டு நட்டையும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கயிறு இல்லாத 'சீல்' வைத்த பம்புகளும் உண்டு. அவை சொட்டினால்தான் கோளாறு.

பேரிங்குக்குக் கிரீஸ் போடுவதும் இப்படித்தான். நிறைய அடைத்தால் நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். தவறு! அளவு மீறினால் குண்டுகள் கிரீஸையே கடைந்து கடைந்து சூடேறிவிடும்.

பம்பு பேசும்

டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் பம்பு சத்தமிட்டால், உள்ளே வரும் தண்ணீர் போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அழுத்தம் குறைந்து குமிழிகள் உண்டாகின்றன. அவை வெடித்து, தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தையே அரித்துவிடுகின்றன. பிட்டர் முதலில் ஓடிப் பார்ப்பது வடிகட்டியைத்தான்.

ஓடாமல் நிற்கும் மாற்று பம்பையும் சும்மா விடுவதில்லை. அவ்வப்போது ஓட்டிப் பார்க்கிறார்கள். இல்லாவிட்டால், அவசரத்துக்கு உதவாமல் அது இறுகிப்போய் நிற்கும்.

பம்பைப் பிரிக்கும் நாளில் முதல் வேலை என்ன தெரியுமா? ஸ்பானரை எடுப்பதல்ல. மின்சாரத்தைத் துண்டித்து, வால்வுகளை மூடி, "ஆள் வேலை செய்கிறார்" என்ற பலகையை ஸ்விட்சில் மாட்டுவது! உள்ளே ஒருவர் கையை விட்டிருக்கும்போது, விவரம் தெரியாத இன்னொருவர் ஸ்விட்சைப் போட்டால் கதி என்ன? ஆகவே, பலகையை மாட்டியவரே அதைக் கழற்ற வேண்டும். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் சரி, வேறு யாரும் தொடக்கூடாது.

வேலை முடிந்தது. கருவிகளை எண்ணிப் பார்த்தாயிற்று. பலகை இறங்குகிறது. மோட்டார் உறுமுகிறது. பிட்டர் குனிந்து கிளாண்டைப் பார்க்கிறார்.

ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. அவர் நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொள்கிறார்.